பசித்த எலும்புகள்

8 பிப்ரவரி 2023, புதன்

இன்று ஓர் ஆட்டுக்குட்டி தப்பித்தது. என் கால் தப்பவில்லை.

கடற்கரைச் சாலையில் வங்கி மேனேஜர் அம்மாவுக்குக் கார் ஓட்டும் வகுப்பு. நிதானமாகத்தான் ஓட்டினார். வலை காயப்போட்டிருந்த பக்கமிருந்து குட்டி குறுக்கே பாய்ந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓங்கி மிதித்தேன். வண்டி நின்றது. காய்ந்த முருங்கைக் கொம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

"மேடம், டயரு வெடிச்சிட்டா?"

"இல்லம்மா. என் காலு."

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எந்த வண்டி மோதியது என்று கேட்டார். எதுவும் மோதவில்லை, பிரேக் மிதித்தேன் என்றேன். நம்பவில்லை. பதினொரு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறேன் என்று சொன்னதும் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. வகுப்புகளை ஸ்டெல்லா பார்த்துக்கொள்வாள். என்னிடம் ஓட்டக் கற்று என்னிடமே பயிற்சியாளராகச் சேர்ந்தவள். போர்டில் என் பெயரில் சந்தனமாரி டிரைவிங் ஸ்கூல் என்று இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அது ஸ்டெல்லா ஸ்கூல்.

9 பிப்ரவரி, வியாழன்

செவ்வாய், வியாழன், சனி எனக்கு டயாலிசிஸ். மாவுக்கட்டோடு ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. பக்கத்துப் படுக்கை ஞானதாசன் சார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் பிரேக் புடிக்கப் படிச்சுக் கொடுத்திய. இப்பம் நீங்களே உக்காந்துட்டியளே."

"சார், ஆடு நல்லா இருக்கு. அதக் கேளுங்க."

இயந்திரம் ஓடும் நான்கு மணி நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். வலி தெரியவில்லை.

20 பிப்ரவரி, திங்கள்

சிறுநீரக டாக்டர் நவநீதன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனையும். இன்று முடிவு. என் கணவரும் கூட வந்திருந்தார். வாசலிலேயே நில்லுங்கள் என்று சொல்லியும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடத்துல பட்டாணி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. கிட்னி வேலை செய்யாததால இதுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வீங்கிப் போச்சு. எலும்புல இருக்கிற கால்சியத்த உருவி ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு. அது போய் ரத்தக்குழாய்ல படியுது. எலும்பு காலியாகுது. உங்களுக்கு இடுப்பெலும்புல ரொம்பக் குறைஞ்சிருக்கு."

மாத்திரை, மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. இனி அந்தச் சுரப்பிகளை எடுத்துவிடுவதுதான் வழியாம்.

"எடுக்கலன்னா?" என்று கேட்டேன்.

"டயாலிசிஸ்ல இருக்கிறவங்கள்ல, எலும்பு இந்த அளவுக்குத் தேஞ்சவங்க அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது கம்மி. நீங்க கேட்டதால சொல்றேன். அடுத்த தடவை கால் ஒடையாது. இடுப்பு ஒடையும்."

கழுத்தைக் கீறிக்கொள்ள எனக்கு மனமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும் என் கணவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். வெகுநேரம் கழித்து வந்தார். டீக்கடையில் கூட்டமாம்.

எனக்குப் பயமொன்றும் இல்லை.

21 பிப்ரவரி, செவ்வாய்

பீரோவை ஒழுங்குபடுத்தி ரொம்ப நாளாயிற்று. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, என் தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து அவருக்குக் காட்டினேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

5 மார்ச், ஞாயிறு

இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கட்டிய புருஷனுக்கு ஸ்டியரிங்கைத் தொடத் தெரியாது. அவர் பெயர் பலவேசம். பேக்கரியில் மக்ரூன் மாஸ்டர். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து அடுப்பில் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரோட்டைக் கடக்கத்தான் பயம்.

ஆட்டோவில் போய்வருவது காலுக்கு ஆகவில்லை, அதனால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. இன்று உப்பளம் பக்கம் காலி மைதானத்தில் முதல் பாடம். மாவுக்கட்டுக் காலை ஓரமாக நீட்டிக்கொண்டு, இடது காலால் என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கப் பழகிக்கொண்டேன்.

"கிளட்ச மெதுவா விடுங்க. மாவு பிழியுத மாதிரி."

"மாவு பிழிஞ்சா மாவு எங்கயும் ஓடாது மாரி. இது ஓடுதுல்லா."

வண்டி தவளை மாதிரி குதித்துக் குதித்து நின்றது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து விலா வலித்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டேன். விலா எலும்பும் எலும்புதானே.

19 மார்ச், ஞாயிறு

மெயின் ரோட்டில் ஓட்டினார். எதிரே கன்டெய்னர் லாரி வந்ததும் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"அவன் நம்மளப் பாத்து ஒதுங்கிட்டான். எடுங்க வண்டிய," என்றேன்.

இன்று அவருக்குக் கேஸ் சிலிண்டர் மாற்றவும் காட்டிக்கொடுத்தேன்.

11 ஏப்ரல், செவ்வாய்

பக்கத்துப் படுக்கை காலி. ஞானதாசன் சார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். இடுப்பெலும்பு முறிவு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நர்ஸ் பிரபாதான் சொன்னாள். நான்கு மணி நேரமும் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

25 ஏப்ரல், செவ்வாய்

ஞானதாசன் சார் போய்விட்டார். அவர் படுக்கையில் வேறொருவர்.

30 ஏப்ரல், ஞாயிறு

மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். கால் குச்சியாக இருக்கிறது. கைத்தடியோடு நடக்கிறேன்.

மாலையில் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞானதாசன் சாரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்செந்தூர் ரோட்டில் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். கியர் மாற்றும்போது சத்தமே இல்லை. இனி நீங்கள் தனியாகவே ஓட்டலாம் என்றேன். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி ஓரம் கட்டி வண்டியை நிறுத்தினார்.

"நீ எதுக்கு எனக்கு வண்டி படிச்சுக் கொடுக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் வண்டி வருகிறதா என்று.

"பீரோவக் காமிச்ச. சிலிண்டர் மாத்தக் காமிச்ச. ஸ்கூலு யார் பேருக்கு மாறணும்னு ஸ்டெல்லாட்ட பேசியிருக்க. அவ எங்கிட்ட வந்து அழுதா. நான் முட்டாப்பய இல்ல மாரி."

"ஏங்க, ரோட்டுல வச்சு என்ன பேச்சு இது."

"நான் கத்துக்கிட்டது ஒன்ன ஏத்திக்கிட்டுப் போக. ஒண்டியாப் போகதுக்கு இல்ல. அப்படி ஒண்டியாத்தான் போகணும்னா எனக்கு இந்தக் காரு வேண்டாம், நடந்தே போயிக்கிடுதேன்."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கார் லேசாக ஆடியது.

கிளட்சை மிதித்து முதல் கியர் போடுங்கள் என்றேன். போட்டார்.

1 மே, திங்கள்

டாக்டர் நவநீதனுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன்.

11 ஜூன், ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரி. நாளைக் காலை ஆபரேஷன். நான்கு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து கடுகளவு துண்டுகளை என் வலது முன்கைத் தசைக்குள் நட்டுவைப்பார்களாம். இடது கை டயாலிசிஸ் ஊசிக்கு உரியது. கழுத்தில் இருந்தது கையில் போய்க் குடியிருந்து வேலை பார்க்குமாம். கையில் ஏன் என்று கேட்டேன். மறுபடி தொல்லை கொடுத்தால் கழுத்தைத் திறக்க வேண்டாம், கையிலேயே எடுத்துவிடலாம் என்றார் ஆபரேஷன் டாக்டர். இது எனக்குப் பிடித்திருந்தது. அவசரத்துக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு பிரேக்.

இன்று பீரோ பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

12 ஜூன், திங்கள்

(அவர் எழுதியது) மாரி எழுத முடியாது. ஆபரேஷன் நல்லபடி முடிஞ்சது. கண்ணு முழிச்சதும் கார எங்க நிறுத்தினீங்கன்னு கேட்டா. பலவேசம்.

15 ஜூன், வியாழன்

இந்த இரண்டு நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செவ்வாய் காலை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் தொடங்கியது. பிறகு விரல் நுனிகள். மதியத்துக்குள் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் தாமாகக் குவிந்து கூம்பிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது. நர்ஸ்கள் ஓடிவந்து கழுத்து நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். அவர் என் குவிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிரித்தது மறுபடி கூம்பும். மறுபடி பிரிப்பார். மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப்போன கை.

தப்பாக ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்று காலை ஆபரேஷன் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு.

"பயந்துட்டீங்களா? உங்க எலும்பு வருஷக்கணக்கா பட்டினி கிடந்துச்சும்மா. ஆபரேஷன் வரைக்கும் அந்தச் சுரப்பிங்க அதுகிட்ட இருந்து புடுங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப புடுங்க ஆள் இல்ல. ரத்தத்துல நாங்க ஊத்துற கால்சியம் அத்தனையும் எலும்பு அள்ளிக்கிட்டுப் போகுது. அதான் ரத்தத்துல நிக்கல. இதுக்குப் பேரே பசித்த எலும்புன்னுதான் சொல்வோம்."

"அப்ப, சாப்பிடுதா?" என்று அவர் கேட்டார். "எலும்பு சாப்பிடுதா டாக்டர்?"

"நல்லா சாப்பிடுது."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரையில் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

9 ஜூலை, ஞாயிறு

வீடு. கை நிறையக் கால்சியம் மாத்திரை. டாக்டர் நவநீதன் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, பாஸ்பரசும் இறங்கிவிட்டது, கொஞ்ச நாளைக்குப் பால், தயிர், முந்திரி கூடச் சாப்பிடலாம் என்றார். பதினொரு வருடமாக இதெல்லாம் விஷம் என்று சொல்லப்பட்டவள் நான். இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அவர் சாயங்காலம் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். நான் வாயைத் திறக்குமுன் தட்டில் வைத்தார். மக்ரூன், சூடு ஆறாதது. வாயில் போட்டதும் மேல்புறம் நொறுங்கியது, உள்ளே மிட்டாய் போல இழுத்தது. கல்யாணமான புதிதில் சாப்பிட்டது போலவே இருந்தது என்று எழுத ஆசை. அதைவிட நன்றாக இருந்தது.

"சர்க்கர கூடிட்டோ?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.

14 செப்டம்பர், வியாழன்

எலும்பு வலி குறைந்திருக்கிறது என்று பிரபாவிடம் சொன்னேன். பிறகு யோசித்தால், குறையவில்லை, இல்லவே இல்லை. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துவிடுகிறேன்.

அவருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. சோதனையில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பத்தைக்கூடத் தொடவில்லை. ஆய்வாளர் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டாராம். "வீட்டுல," என்றாராம்.

18 டிசம்பர், திங்கள்

நேற்றிலிருந்து மழை. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கார் கூரை மட்டும் தெரிகிறது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மாடி வீட்டுக்காரர்களோடு இருக்கிறோம். நாளை டயாலிசிஸ்.

19 டிசம்பர், செவ்வாய்

போக முடியவில்லை. தண்ணீர் இடுப்பளவு. நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் குடிக்கிறேன். பழம், தேங்காய் எதுவும் தொடவில்லை. கால் வீங்குகிறது.

21 டிசம்பர், வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. இப்போது டயாலிசிஸ் படுக்கையில் இருந்து எழுதுகிறேன்.

புதன் காலை விழித்தபோது படுத்தால் மூச்சு விட முடியவில்லை. உட்கார்ந்தால்தான் முடிந்தது. நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தண்ணீர் தொடை அளவுக்கு வடிந்திருந்தது. படகு வரும் என்றார்கள். காலையில் வரும் என்றார்கள், பிறகு மதியம் வரும் என்றார்கள்.

"நடப்போம்," என்றேன்.

"ஒன் எலும்பு..."

"எலும்பு தாங்கும். மூச்சுதான் தாங்காது. வாங்க."

சேலையை மேலே செருகிக்கொண்டு, மாடிக்காரர் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினேன். அடியில் ரோடு எங்கே, சாக்கடை எங்கே என்று தெரியாது. இந்தத் தெருக்களில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில் பள்ளம், எங்கே வேகத்தடை என்று எனக்குத் தெரியும். நான் முன்னால், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன்.

மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் பிடி விலகியது. திரும்பினால் ஆள் இல்லை. மூடியில்லாத வடிகாலின் விளிம்பில் கால் சறுக்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார். கம்பைப் போட்டுவிட்டு வலது கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். நீரோட்டம் இழுத்தது. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கனத்த உடம்பு. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தோளிலோ, இடுப்பிலோ, காலிலோ எதுவும் ஒடியவில்லை. அவர் மேலே வந்தார், சேற்றுத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு.

"ஏட்டி, கையப் பாரு, கையப் பாரு," என்றார் முதல் வார்த்தையாக.

கையை நீட்டி மடக்கிக் காட்டினேன். நடந்தோம்.

டயாலிசிஸ் யூனிட் இரண்டாம் மாடியில் இருப்பதால் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பிரபா மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. எங்களைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள்.

"யக்கா, எப்படி வந்திய? படகா?"

"நடந்து."

"இவரு கூட்டிட்டு வந்தாரா?"

"நான்தான் இவரக் கூட்டிட்டு வந்தேன்."

ஊசி ஏறியதும் கண் சொருகியது. எழுந்தபோது மூச்சு தாராளமாக வந்தது. பக்கத்து ஸ்டூலில் அவர் யாரோ கொடுத்த பச்சை ஆஸ்பத்திரி உடுப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் என் விரல் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. இன்று மறுபடி ஒரு முறை டயாலிசிஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், விட்டதை ஈடுகட்ட.

3 ஜனவரி 2024, புதன்

கார் சேற்றில் ஊறிப் போய்விட்டது. என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்டெல்லா இன்று மனசுக்குள் ஏதோ வைத்துக்கொண்டு, "அக்கா, ஸ்கூல இனி என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள். நடத்தப் போகிறேன் என்றேன். அவள் வேண்டுமானால் பங்குதாரராகச் சேரலாம், என் இடத்துக்கு ஆள் தேவையில்லை. கட்டிக்கொண்டாள். இறுக்கமாகவே கட்டிக்கொண்டாள்.

24 ஜூன், திங்கள்

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து எலும்பு அடர்த்தி ஸ்கேன். டாக்டர் நவநீதன் பழையதையும் புதியதையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முதுகெலும்பு ஏறியிருக்கிறது. இடுப்பு இன்னும் அதிகமாக ஏறியிருக்கிறது.

"சாதாரண அளவுக்கு இன்னும் வரல. ஆனா நான் நெனச்சதவிட மேல. ஆயுசுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ஒண்ணு சொல்றேன். போன வருஷம் இந்த அறையில உக்காந்திருந்தப்ப எனக்கு இருந்த கவலை இப்ப இல்ல."

அவர் இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை.

திரும்பும்போது கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர்தான் ஓட்டினார். வெயில் தணிந்திருந்தது. சாலைக்கும் மணலுக்கும் நடுவே குட்டைச் சுவர், முழங்கால் உயரம்கூட இருக்காது. அதில் ஏறி நின்றேன். கடல் அமைதியாக இருந்தது, தொலைவில் துறைமுகத்துக் கப்பல் ஒன்று. பன்னிரண்டு வருடமாகப் பஸ் படிக்கட்டிலிருந்துகூட ஒரு காலை வைத்து, நிலைத்து, பிறகுதான் மறு காலை வைத்திருக்கிறேன்.

"ஏட்டி, எறங்கு. என்ன பண்ணப்போற?"

குதித்தேன். இரண்டு காலும் சேர்ந்து மணலில் பொத்தென்று விழுந்தன. உள்ளங்காலிலிருந்து இடுப்பு வரை ஓர் அதிர்வு ஓடி அடங்கியது. நின்றுகொண்டிருந்தேன்.

அவர் சுவரைத் தாண்டி ஓடிவந்து, மணலில் மண்டியிட்டு, என் கணுக்காலையும் முழங்காலையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலங்க."

"தெரியுது," என்று நிமிர்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னொருக்கா குதி. நான் சரியாப் பாக்கல."